தாலமி வெண்கலக் காசு: கண்ணில் பட்டதை எழுதுங்கள்

கழுகுக்கால்:
எகிப்தை ஆண்ட கிரேக்க அரசன் மூன்றாம் தாலமியின் பெரிய வெண்கலக் காசு. 42 மி.மீ., 69.4 கிராம். முன்னால் ஆட்டுக்கொம்போடு ஜீயஸ் அம்மோன், பின்னால் இடியாயுதத்தின் மேல் கழுகு. கூட வந்த சீட்டில் "ஆதிக் கிறிஸ்தவக் காசு" என்று எழுதி விலையை மூன்று மடங்கு ஏற்றியிருந்தார்கள். காரணம், கழுகின் கால்களுக்கு நடுவே கை, ரோ என்ற இரண்டு கிரேக்க எழுத்துகளைப் பின்னிய குறி. அது காசு அச்சடித்த அக்கசாலையின் அடையாளம், வேறொன்றும் இல்லை. இந்தத் தாலமி ஆண்டது கி.மு. 246–222. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அந்தக் குறியைக் கிறிஸ்தவ அடையாளமாக எடுத்துக்கொண்டது கி.பி. 4ஆம் நூற்றாண்டில். இடப்பக்கம் வளக்கொம்பும் (பழம் நிரம்பி வழியும் கொம்பு) இருந்தால், தாலமிக் காசுகளுக்கான ஸ்வோரோனோஸ் அட்டவணையில் எண் 964. அதே உருவம், ஆனால் 35 மி.மீ., சுமார் 35 கிராம் என்றால் 965. போட்டோவை மட்டும் பார்த்து எண் போட்டால் இங்கேதான் வழுக்கும்.

நடுக்குழி:
எண் சரி. இன்னொரு 964 இதைவிடக் கூத்து. இருபுறமும் நடுவில் குழியே இல்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வந்த பெரிய தாலமிக் காசில் குழி இல்லையென்றால் உடனே சந்தேகம் வரணும். அசிட்டோன் தொட்ட பஞ்சை வைத்ததும் பச்சை நிறம் பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் பிசின், அதற்கும் அடியில் குழி! யாரோ அதை ஓட்டை என்று நினைத்து அடைத்திருக்கிறார்கள். அச்சடிக்கும் முன் வெற்று உலோக வில்லையைப் பிடித்துக் கடைந்து மட்டமாக்கியபோது விழுந்த குழி என்பதுதான் பொதுவான கருத்து. அதற்காக விலை குறையாது. குழியின் விளிம்பு மழுங்கி, சுற்றிலும் ஊசிமுனை அளவு குமிழிகள் தெரிந்தால்தான் வார்த்தெடுத்த போலியோ என்று பார்க்கணும்.

பத்துமடங்குலென்ஸ்:
"மூன்று மடங்கு" என்றால் எதில் மூன்று மடங்கு, கழுகுக்கால்? கடைக்காரர் சொல்லும் விலையிலா? அது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. ஏல முடிவுகளில் 964 என்று தேடி, அதே தேய்மானம் உள்ள பத்துக் காசுகளையாவது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏலம் நின்ற தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டும் கமிஷன் தனி, பல இடங்களில் 20 சதவீதமோ அதற்கு மேலோ. அதைச் சேர்க்காமல் ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். அப்புறம், தேய்ந்த உருவத்தைக் கருவியால் சீவிப் புதுசாகக் காட்டிய காசுகளைக் கழித்துவிடுங்கள். அப்படி ஒன்றில் ஜீயஸின் தாடிச் சுருள் ஒவ்வொன்றும் ஒரே அகலம், அடி கூராக. திருப்பினால் கழுகின் நெஞ்சு மொழுமொழுவென்று வழுக்கை. ஒரே காசு, ஒரு பக்கம் மட்டும் இளமை திரும்புமா?

களிம்புக்காரன்:
கழுகின் இறக்கை மடிப்பில் வெளிர்பச்சைப் பொடி, குச்சியால் தொட்டால் உதிர்ந்தது. மூன்றே வாரத்தில் அதே இடத்தில் மறுபடி. இது சாதாரணக் களிம்பு இல்லை, உள்ளே குளோரைடு இருக்கிறது. ஈரம் கிடைத்தால் தின்றுகொண்டே போகும். தயவுசெய்து புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் போடாதீர்கள். குத்துவிளக்கு வேறு, இது வேறு. புளி போட்டால் 2,200 வருட மேல்தோல் ஒரே மாலையில் போய்விடும், அதோடு பாதி விலையும் போகும். பொடியை மரக்குச்சியால் எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 50 கிராம் சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைத்து ஊறவையுங்கள். வாரம் ஒருமுறை கரைசலை மாற்றணும். வாரக்கணக்கில் ஆகும், மாதங்களும் ஆகலாம், நிறமும் கொஞ்சம் மாறலாம். பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரில் அலசி, முழுக்க உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும். சென்னைக் காற்றில் மேசைமேல் திறந்து வைப்பது வேலைக்காகாது. பிவிசி உறையும் வேண்டாம்.

பத்துமடங்குலென்ஸ்:
குளிப்பாட்டுவது பற்றி யாருமே கேட்கலையே சார். ஆனால் ஊறப்போடும் முன் எடையைக் குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். பொடி போனபின் எடை குறையும், அப்புறம் அட்டவணையோடு ஒத்துப் பார்க்கும்போது குழப்பம்.

கழுகுக்கால்:
நான் சொன்ன மூன்று மடங்கு ஏல விலையை வைத்துத்தான், கமிஷனும் சேர்த்து. நடுக்குழி, பிசின் எடுத்தபின் உங்கள் காசு எத்தனை கிராம்?