முதல் டிரையத்லான்: குளத்தில் நீந்த முடிகிறது, கடலில் மூச்சு முட்டுகிறது

கேள்வி (பினாங்கிலிருந்து ஒரு வாசகி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 42 வயது; பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இன்னும் நான்கு மாதங்களில் போர்ட்டிக்சனில் நடைபெறும் ஒரு டிரையத்லானின் ஸ்பிரிண்ட் பிரிவில் முதன்முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஓட்டம் எனக்குப் பழகியது. சைக்கிளும் ஓரளவு கைவந்துவிட்டது. குளத்தில் 1,000 மீட்டர் வரை நிற்காமல் நீந்துகிறேன். ஆனால் கடலில் இறங்கி, கீழே தரை தெரியாத இடத்தை அடைந்தவுடன் நெஞ்சு இறுகி, கரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற எண்ணமே மேலோங்குகிறது. மனத்தை எப்படிப் பழக்குவது? வேலைக்கு இடையில் வாரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் (கோலாலம்பூரிலிருந்து)

சகோதரிக்கு வணக்கம். குளத்தில் 1,000 மீட்டர் நீந்தும் உங்களுக்கு 750 மீட்டருக்குத் தேவையான உடல்திறன் ஏற்கெனவே இருக்கிறது. எனவே இந்த நான்கு மாதங்களில் நீச்சல் வேகத்தைக் கூட்டுவதற்குச் செலவிடும் நேரத்தைவிட, கடலில் அமைதியாக இருக்கப் பழகுவதற்குச் செலவிடும் நேரமே உங்களுக்குப் பயன்தரும்.

மூச்சு முட்டுவதற்கு, காற்று உள்ளே போகாததைவிட வெளியே போகாததே பெரும்பாலும் காரணமாகிறது. பதற்றத்தில் நீருக்குள் மூச்சை அடக்கிக்கொள்கிறோம்; உடலில் கரியமில வாயு சேர்கிறது; அதுவே காற்றுக்குத் தவிக்கும் உணர்வைத் தூண்டுகிறது. முகம் நீருக்குள் இருக்கும் நேரம் முழுவதும் மெதுவாகக் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். கடலில் முதல் சில பயிற்சிகளில் தூரத்தைக் கணக்கிடவே வேண்டாம். இடுப்பளவு நீரில் நின்று முகத்தை நனைத்து மூச்சு விடுவது, பிறகு மல்லாந்து மிதப்பது, பிறகு கரைக்கு இணையாகச் சிறிது தூரம் நீந்துவது என்று நாளுக்கு ஒரு படி முன்னேறினால் போதும். தனியாக மட்டும் ஒருபோதும் இறங்காதீர்கள். இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் ஆரஞ்சு நிற மிதவையும் உடன் இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலைநாட்டவர் எழுதும் கட்டுரைகளில், மிதப்பதற்குத் துணைசெய்யும் தடித்த ரப்பர் நீச்சல் உடையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நம் கடல்நீர் ஏறத்தாழ 28 டிகிரிக்குக் குறையாமல் வெதுவெதுப்பாக இருப்பதால் நம் போட்டிகளில் அதற்கு இடமில்லை. ஆகவே அந்த உடையை நம்பி எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

போட்டியன்று முன்வரிசையில் நிற்காமல் ஓரமாகவோ பின்னாலோ நின்று, கூட்டம் கடந்த பிறகு புறப்படுங்கள். எந்த வகை நீச்சலையும் நீந்தலாம், மல்லாந்து ஓய்வெடுக்கலாம், முன்னேறுவதற்குப் பயன்படுத்தாதவரை, நிற்கும் மிதவையையோ மீட்புப் படகையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறவும் பொதுவான விதிகள் அனுமதிக்கின்றன. இது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்திருந்தால், நடுக்கடலில் கைவிடப்பட்டோம் என்ற அச்சம் வெகுவாகக் குறையும்.

வாரத்தைப் பொறுத்தவரை ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டு, ஒரு நாள் முழு ஓய்வு எடுங்கள். சைக்கிள் ஓட்டும் இரு நாள்களில் ஒன்றிலாவது, இறங்கியவுடன் பத்து நிமிடம் ஓடிப் பாருங்கள். கால்கள் மரத்துப்போனதுபோல் கனக்கும். அந்தக் கனம் இயல்பானது, சிறிது நேரத்தில் தணியும் என்பதை முன்கூட்டியே உடலுக்குத் தெரிவித்துவிட வேண்டும். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் செல்லும் மேட்டுச் சாலை உங்களுக்கு அருகில் இருப்பது நல்வாய்ப்பு. தலைக்கவசத்தின் வாரைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தொட வேண்டும் என்பது கண்டிப்பான விதி; வீட்டு வாசலிலேயே அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

பதில் (மருத்துவத் துறையில் பணியாற்றும் ஒருவர்)

மேலே சொல்லப்பட்டவற்றை ஏற்கிறேன். ஆனால் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். டிரையத்லானில் நிகழும் திடீர் மரணங்களில் பெரும்பாலானவை நீச்சல் பகுதியில்தான் நிகழ்கின்றன. நாற்பதைக் கடந்தவர்கள், குறிப்பாக இரத்த அழுத்தமோ நீரிழிவோ குடும்பத்தில் இதயநோயோ உள்ளவர்கள், "ஓடிப் பழகிய உடல்தானே" என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது. நெஞ்சு இறுகுவது உங்களுக்குக் கடலில் மட்டும்தானா, மேடேறும்போதும் வருகிறதா என்பதையும் மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

வெயிலுக்கு உடல் பழக இரண்டு வாரங்கள் வரை ஆகும். எப்போதும் அந்தி சாய்ந்த பிறகே ஓடுபவர், போட்டிக்கு முந்தைய வாரங்களில் காலை எட்டு, ஒன்பது மணி வெயிலிலும் சிறிது ஓட வேண்டும். அளவுக்கு மீறித் தண்ணீர் மட்டும் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும் என்பதால் உப்புச்சத்துள்ள பானமும் தேவை. போட்டிக் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக, பழகிய எளிய உணவு போதும். இட்லியும் வாழைப்பழமும் நல்லது. தேங்காய்ப்பாலும் சம்பலும் நிறைந்த நாசி லெமாக்கைப் போட்டி முடியும்வரை ஒத்திவையுங்கள்.

மீண்டும் கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பரிசோதனைக்கு இவ்வாரமே பதிவு செய்கிறேன். பத்து ஃபெரிங்கியில் பயிற்சி செய்யலாமா? ஜெல்லி மீன்களைப் பற்றிக் கேள்விப்படுகிறேன்.

பதில் (பினாங்கிலிருந்து மற்றொருவர்)

அக்கா, அந்தக் கவலை நியாயமானது. பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் கடற்பகுதிகளில் கொடிய பெட்டி ஜெல்லி மீன்களும் காணப்படுகின்றன. உடலை மூடும் மெல்லிய நீச்சல் உடையை அணிந்து, கடற்கரைக் காவலரிடம் அன்றைய நிலையைக் கேட்ட பிறகே இறங்குங்கள். பையில் ஒரு போத்தல் வினிகர் இருக்கட்டும். கொட்டினால் தேய்க்கவோ குழாய்த் தண்ணீரால் கழுவவோ கூடாது. வினிகரைக் குறைந்தது அரை நிமிடம் ஊற்றிவிட்டு உடனே 999ஐ அழைக்க வேண்டும். எச்சரிக்கை உள்ள நாள்களில் குளத்திற்கே போய், ஒவ்வொரு எட்டுக் கைவீச்சுக்கும் ஒருமுறை கண்களை மட்டும் நீருக்கு மேல் உயர்த்தி எதிரே பார்த்து நீந்தப் பழகுங்கள். கடலில் திசை தவறாமல் செல்ல அந்தப் பழக்கம் எப்படியும் தேவைப்படும்.