வெண்வால் மானுக்குப் பெரிய கொம்பு வளர்வது எங்கே, எதனால்? நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

விஸ்கான்சின், பஃபலோ கவுண்டி

ஒரே வெண்வால் கலைமானை, அதாவது ஆண் மானை, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதை இங்கே எழுதுகிறேன். பிற பகுதிகளில் வேட்டைக்கோ படமெடுக்கவோ செல்லும் உறுப்பினர்கள் தாங்கள் கண்டதையும் எழுத வேண்டுகிறேன். இடது காதின் நுனி கிழிந்திருந்ததால் அந்த மானை ஒவ்வோர் ஆண்டும் ஐயமின்றி அடையாளம் காண முடிந்தது. நண்பரின் பண்ணையில், மக்காச்சோள வயலும் ஓக் மரச் சரிவும் சந்திக்கும் இடத்தில் கட்டி வைத்திருக்கும் தானியங்கிக் கேமராவில் அது முதன்முதலில் பதிவானபோது அதற்கு ஒன்றரை வயது. கொம்பு என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை, பக்கத்துக்கு மூன்று கிளைகள் மட்டுமே. ஐந்தரை வயதில் அதே மான் பக்கத்துக்கு ஐந்து கிளைகளோடும், அடிப்பகுதி என் கைப்பிடிக்குள் அடங்காத பருமனோடும் பனியில் வந்து நின்றது.

புதிதாக வருபவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் இரலைக்கு இருப்பது வாழ்நாள் முழுதும் உதிராத கொம்பு. வெண்வால் மானுக்கோ, புள்ளிமானுக்கும் கடமானுக்கும் உள்ளதைப் போல, முழுவதும் எலும்பாலான கிளைக்கொம்பு. அது ஆண்டுதோறும் விழுந்து மீண்டும் முளைக்கிறது. பகல் நீளத் தொடங்கும் வசந்தத்தில் மென்மயிர்த் தோல் போர்த்தி வளர ஆரம்பித்து, ஆகஸ்ட் இறுதிக்குள் இறுகி, செப்டம்பர் தொடக்கத்தில் அந்தத் தோலை மான் மரங்களில் உரசிக் களைகிறது. பின்பனிக் காலத்தில் கொம்பே விழுந்துவிடுகிறது. ஏறக்குறைய ஐந்தே மாதங்களில் இத்தனை எலும்பைக் கட்ட வேண்டியிருப்பதால், தின்னும் தீனி போதாமல், தன் விலா எலும்புகளிலிருந்தே சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பரஸையும் எடுத்துக் கொம்புக்குக் கொடுக்கிறது. உடல் வளர்ந்துகொண்டிருக்கும் இளம் மானிடம் அப்படிக் கொடுக்க மிச்சம் இருப்பதில்லை. ஒன்றரை வயதில், தான் எட்டக்கூடிய உச்ச அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையும், மூன்றரை வயதில் முக்கால் பங்கையும்தான் அது காட்டுகிறது. உச்சம் ஐந்தரை வயதுக்குப் பிறகே வருகிறது. என் கண்ணெதிரே நடந்ததும் அதுவே.

அயோவா, தென்பகுதி

வணக்கம் நண்பரே. எங்கள் மாநிலத்தின் பெரிய கொம்புகளுக்குச் சோளத்தையும் சோயா மொச்சையையும் காற்று கொண்டுவந்து குவித்த வளமான வண்டல் மண்ணையும் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். அவை உண்மையான காரணங்களே. ஆனால் அதே பயிர் விளையும் வேறு மாநிலங்களிலும் வேட்டையாடியவன் என்ற முறையில், வேட்டை நாட்களின் ஏற்பாட்டுக்கே முதலிடம் கொடுப்பேன். இங்கே துப்பாக்கி வேட்டைக்கான முக்கியப் பருவம் டிசம்பரில்தான் தொடங்குகிறது. பிணைமானைத் தேடிக் கலைமான்கள் பட்டப்பகலில் எச்சரிக்கை மறந்து அலையும் நவம்பர் நடுப்பகுதி அதற்குள் கடந்துவிடுகிறது. அந்த நாட்களில் வில் ஏந்தியவர்கள் மட்டுமே காட்டில் இருப்பதால், பல இளம் கலைமான்கள் அடுத்த வயதை எட்டிவிடுகின்றன.

ஒரு நவம்பர் மாலையில், சுமார் மூன்றரை வயது மதிக்கத்தக்க கலைமான் ஒன்று என் மரப்பரணுக்கு இருபது கெஜத் தொலைவில் நெடுநேரம் நின்றது. அழகான கொம்புதான், ஆனால் இன்னும் இரண்டு ஆண்டுகள் விட்டால் என்ன ஆகும் என்று எண்ணி வில்லைத் தாழ்த்தினேன். பக்கத்து நிலத்தாரிடமும் அதன் படத்தைக் காட்டினேன், அவர்களும் விட்டுவிட ஒப்புக்கொண்டார்கள். பக்கத்து நிலத்தார் ஒத்துழைக்காவிட்டால், நூறு ஏக்கரில் ஒருவர் மட்டும் காட்டும் பொறுமையால் பயனில்லை. மான் வேலியைப் பார்த்து நடப்பதில்லை.

தென் டெக்சாஸ், லாரெடோவுக்கு வடக்கே

எங்கள் பகுதியில் மழைதான் எல்லாம். இங்கே சோளமும் இல்லை, கருமண்ணும் இல்லை; நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் உறவான மெஸ்கீட்டும், முட்புதர்களும், சப்பாத்திக்கள்ளியும் அடர்ந்த புதர்க்காடு. ஆனால் அந்தப் புதர்களின் தளிர்களிலும், மழைக்குப் பின் தரையில் தழைக்கும் பூண்டுகளிலும் புரதம் செறிந்திருக்கிறது. 2010இன் வசந்தத்தில் நல்ல மழை பெய்தது. அந்த ஆண்டு, முகத்தில் வெள்ளைத் தழும்புள்ள நான்கரை வயதுக் கலைமான் ஒன்றைப் பல காலைப் பொழுதுகளில் படமெடுத்தேன். 2011இல் டெக்சாஸ் முழுவதையும் வாட்டிய கடும் வறட்சி வந்தது. அதே மான், ஒரு வயது கூடியிருந்தும், முந்தைய ஆண்டைவிடக் குட்டையான கிளைகளோடும் மெலிந்த தண்டோடும் வந்தது. கள்ளியைக் கடித்துக்கொண்டு விலா தெரிய நின்ற அந்தப் படத்தை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. வயது கூடினால் கொம்பும் கூடும் என்பது சரிதான். ஆனால் கொம்பு முளைக்கும் மாதங்களில் தழை கிடைத்தால்தான் அது நடக்கும்.

இங்கே பலரிடம் மற்றொரு நம்பிக்கை உண்டு. கொம்பு சிறுத்த மான்களைச் சுட்டுக் கழித்துவிட்டால், எஞ்சியவற்றின் வாரிசுகள் பெரிய கொம்போடு பிறக்கும் என்பார்கள். நானும் அதை நெடுங்காலம் நம்பினேன். கிங்ஸ்வில்லில் உள்ள சீசர் கிளீபெர்க் வனவிலங்கு ஆய்வு நிறுவனத்தார், கொமாஞ்சி பண்ணையில் ஹெலிகாப்டரிலிருந்து வலை வீசிக் கலைமான்களைப் பிடித்து, அளந்து, சிறியவற்றைக் கழித்துப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். மிகக் கடுமையாகக் கழித்த பகுதியிலும் கொம்பின் அளவு உயரவில்லை. குட்டியின் மரபில் பாதி தாயிடமிருந்து வருகிறது. தாயின் தலையில் கொம்பு இல்லாததால், அவள் என்ன கொடுக்கிறாள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க நமக்கு வழியில்லை. ஒரு கலைமான் தன் வாழ்நாளில் ஈன்றெடுக்கச் செய்யும் குட்டிகளும் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு.

டெக்சாஸின் குன்றுப் பகுதியில் இன்னொரு சிக்கல், அது நம் நாட்டிலிருந்து வந்தது. 1930களில் இங்கே கொண்டுவந்து விடப்பட்ட புள்ளிமான் இன்று பெருங்கூட்டமாகத் திரிகிறது. தழை தீர்ந்தால் அது புல்லைத் தின்று பிழைத்துக்கொள்ளும். வெண்வால் மானின் வயிற்றுக்கு முற்றிய புல் செரிக்காது. கெர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதியில் இரண்டையும் ஒரே வேலிக்குள் விட்டுப் பார்த்தபோது புள்ளிமான் பெருகியது, வெண்வால் மான் தேய்ந்துபோனது. ஊரில் அத்தனை அன்போடு பார்த்த மானை இங்கே கவலையோடு பார்க்க நேர்வது எனக்கு வருத்தம் தருகிறது.

மிசிசிப்பி, தென்கோடிப் பைன் காடு

டெக்சாஸ் ஐயா தாயைப் பற்றிச் சொன்னதை நான் தொடர விரும்புகிறேன், ஏனெனில் என் அனுபவம் முழுவதும் அதுதான். எங்கள் நிலம் கடலோரச் சமவெளியின் மணற்பாங்கான பைன் காடு. நான்கு வயது நிரம்பிய கலைமானும் இங்கே மெலிந்த கொம்போடுதான் திரியும். சில மணி நேரம் வண்டி ஓட்டி வடமேற்கே மிசிசிப்பி டெல்டாவின் ஆற்று வண்டல் நிலத்துக்குப் போனால், அதே வயது மான் வேறோர் இனமோ என்று ஐயுறும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். எங்கள் மான்களின் மரபே தாழ்ந்தது என்று கணவரும் நானும் முடிவு செய்திருந்தோம்.

மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் மான் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஆய்வு அந்த முடிவை மாற்றியது. டெல்டா, இடைப்பகுதி, கடலோரம் ஆகிய மூன்று மண் பகுதிகளிலிருந்தும் மான்களைக் கொண்டுவந்து, எல்லாவற்றுக்கும் 20 சதவீதப் புரதம் உள்ள ஒரே தீவனத்தைக் கொடுத்து வளர்த்தார்கள். மெலிந்த மண்ணிலிருந்து வந்த தாய்களின் மகன்கள் நல்ல தீவனம் தின்றும் முழு அளவை எட்டவில்லை. அதற்கடுத்த தலைமுறையில்தான் உடலும் கொம்பும் பெருத்தன. தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மான்களை வைத்துக் கெவின் மான்டீத் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. தாய் சினையாக இருந்தபோது கண்ட பஞ்சம் மகனின் தலையில் தெரிகிறது என்பதைப் படித்த அன்று, நாங்கள் கலைமான்களை எண்ணுவதை நிறுத்திப் பிணைமான்களுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கத் தொடங்கினோம்.

பைன் மரங்களை இடைவெளிவிட்டு வெட்டி, தரைக்கு வெயில் படச் செய்தோம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை, முறையான அனுமதியோடு கட்டுப்பாட்டுத் தீயிட்டோம். ஊசியிலைச் சருகு மட்டும் கிடந்த தரையில் பூண்டுகளும் முட்கொடிகளும் தழைத்தன. பிணைமான்களின் எண்ணிக்கை நிலம் தாங்குவதைவிட மிகுந்திருந்ததால் அவற்றையும் வேட்டையாடினோம். முதலில் மாறியது கொம்பன்று, குட்டிகளின் எடை. ஏழாம் ஆண்டுக்குப் பிறகுதான், மூன்றரை வயதுக் கலைமான்களின் கொம்பில் முன்பு காணாத பருமனைக் கண்டோம்.

விதிகளைப் பற்றியும் ஒரு சொல். 1995இல் எங்கள் மாநிலம் மொத்தம் நான்கு கிளைகளுக்குக் குறைந்த மானைச் சுடக் கூடாது என்று விதித்தது. இளம் மான்களைக் காப்பதே நோக்கம். ஆனால் ஒன்றரை வயதிலேயே நான்கு கிளை முளைத்த நல்ல மான்கள் சுடப்பட்டு, பின்தங்கியவை பிழைத்தன. கிளையை எண்ணுவதைவிட வயதைக் கணிக்கக் கற்றுக்கொள்வது நல்லது: கழுத்தும் மார்பும் தொடரும் இடம், தொங்கும் வயிறு, முதுகின் வளைவு ஆகியவற்றைப் பாருங்கள்.

சஸ்காச்சுவான், கனடா

சுருக்கமாக எழுதுகிறேன். வேட்டைக் கொம்புகளை அங்குலத்தில் அளந்து மதிப்பெண் இடும் பூன் அண்ட் க்ராக்கெட் கழகத்தின் அளவை முறையில், சீர்வகைக் கொம்புக்கான (இரு பக்கமும் ஒழுங்காக அமைந்த கொம்பு) உலகச் சாதனை இந்த மாகாணத்தின் பிகர் என்ற ஊருக்கு அருகில் 1993இல் மைலோ ஹான்சன் சுட்ட மானுடையது: 213 5/8. விஸ்கான்சின் நண்பர் மகிழலாம். அதற்கு முந்தைய சாதனையான 206 1/8, அவருடைய மாநிலத்தில் டான்பரி அருகே 1914இல் ஜேம்ஸ் ஜோர்டன் சுட்ட மானுக்குரியது. குளிரில் எங்கள் மான்கள் பெருத்த உடல் கொண்டவை. வயலில் குதிரைமசாலும் பட்டாணியும் கிடைக்கின்றன. ஆனால் கடுங்குளிர்காலம் நீண்டால் மான் வசந்தத்தை எலும்பும் தோலுமாகச் சந்திக்கும். அப்போது தின்பது முதலில் உடலைத் தேற்றவே செலவாகி, கொம்பு அந்த ஆண்டு பின்தங்கும். மார்ச்சில் பனி உருகும் நாளைக் கொண்டே செப்டம்பர்க் கொம்பை ஊகிக்கும் முதியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

விஸ்கான்சின், பஃபலோ கவுண்டி

அனைவருக்கும் நன்றி. தாது உப்புக்கட்டி வைக்கலாமா என்று தனிமடலில் இருவர் கேட்டிருந்தீர்கள். நானும் ஒரு காலத்தில் வைத்தேன். கொம்பில் எந்த மாற்றத்தையும் காணவில்லை. 2002இல் எங்கள் மாநிலத்தில் கண்டறியப்பட்ட, மானை மெல்ல உருக்கிக் கொல்லும் நோய் எச்சிலாலும் பரவுகிறது. பல மான்கள் ஒரே கட்டியை நக்குவது அதற்கு வழிவிடும். பல கவுண்டிகளில் தீனி வைப்பதற்கே தடையுண்டு. ஆகையால் வைக்க வேண்டாம்.

மிசிசிப்பிச் சகோதரி எழுதியதைப் படித்தபின் என் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். காது கிழிந்த மான் குட்டியாக இருந்திருக்க வேண்டிய கோடையில், அதே ஓடைக்கரையில் ஒரு பிணைமான் இரண்டு குட்டிகளோடு சோயா வயலில் மேய்கிறது. முதுகு உருண்டு, மயிர் பளபளக்கிறது. அதுதான் தாயா என்று சொல்ல எனக்குச் சான்றில்லை. கடந்த மார்ச்சில் அந்தக் கலைமானின் இடக்கொம்பை ஓக் சரிவில் கண்டெடுத்தேன். வலக்கொம்பை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.