செபரேஷனுக்கு ‘எட்டம்’ சரிவருமா?

நண்பர்களே,

விமானப் போக்குவரத்துச் சொற்களைத் தமிழாக்கும் நம் பேச்சில், செபரேஷன், ஸ்பேசிங் இரண்டுக்கும் ‘இடைவெளி’ போதும் என்று நேற்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. எனக்கு ஒப்பவில்லை. செபரேஷன் சட்டம்: இரண்டு விமானங்களுக்கு நடுவே இதற்குக் கீழே குறையவே கூடாது என்கிற அளவு. ஸ்பேசிங் கைவேலை: அது குறையாமலிருக்க, விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர் பார்த்து விடும் தூரம். ஒரே ஓடுபாதைக்கு வரும் இரண்டு விமானங்களுக்கு நடுவே ரேடாரில் 3 கடல் மைல் வேண்டுமென்றால், கன்ட்ரோலர் முன்கூட்டியே 4 விட்டு வைப்பார். முன்னே போவது இறங்குமுன் வேகத்தைக் குறைக்கும், பின்னால் வருவது நெருங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் ‘இடைவெளி குறையாமலிருக்க இடைவெளியைக் கூட்டு’ என்றுதான் எழுத வேண்டிவரும்.

‘பிரிப்பு’ என்றால் பாகப்பிரிவினைப் பத்திரம் ஞாபகம் வருகிறது. ‘விலக்கம்’ அதைவிட மோசம், ஊர்விலக்கம்.

போன ஞாயிறு அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்கு ஸ்கூட்டரில் போனோம். கொண்டை ஊசி வளைவில் முன்னால் ஒரு லாரி, கியர் மாற்றும்போது ஒரு கணம் நின்று திணறியது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா என் தோளைப் பிடித்து, “எட்டத்துலயே வா சாமி, உருண்டு வந்துருச்சுன்னா?” என்றார். செபரேஷன் அதுதானே! ஆகவே செபரேஷன் ‘எட்டம்’, ஸ்பேசிங் ‘இடைவெளி’.

கிளைச்சொற்களும் தடங்கலில்லாமல் வருகின்றன. மேலும் கீழுமாகப் பறக்கும் விமானங்களுக்கு நடுவே விடும் 1000 அடி, உயர எட்டம். பெரிய விமானத்தின் பின்னால் நடுத்தர விமானம் வந்தால், முன்னது கிளப்பும் காற்றுச் சுழலில் சிக்காமலிருக்க விடும் 5 கடல் மைல், சுழல் எட்டம். இணை ஓடுபாதைகளில்தான் இது நன்றாகப் பொருந்துகிறது: இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறிமாறி வரும்போது குறுக்காக அளப்பதை ‘மூலை எட்டம்’ எனலாம். ‘மூலைவிட்டப் பிரிப்பு’ வாயில் நுழையவில்லை. நம்ம காமலாபுரத்தில், அதாவது சேலம் விமான நிலையத்தில், ஒரே ஓடுபாதை, இந்தத் தொல்லை இல்லை. பெங்களூருக்குப் போனால் இணை ஓடுபாதைகளைப் பார்க்கலாம்.

‘எட்டம்’ என்றதும் யாராவது “எட்டு மைலா?” என்று கேட்பார்கள் என்பது நியாயமான ஆட்சேபணை. ஆனால் எண் கூடவே வருவதால் குழப்பம் நீடிக்காது என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒன்று. இணை ஓடுபாதைகள் இரண்டிலும் ஒன்றுக்காக ஒன்று காத்திராமல் விமானங்கள் தனித்தனியே இறங்கும்போது, நடுவே குறைந்தது 610 மீட்டர் அகலத்துக்கு யாரும் நுழையக் கூடாத பகுதி ஒன்று உண்டு. ஒரு விமானம் தடம் மாறி அதற்குள் வந்தால், பக்கத்துப் பாதையில் வருவதை உடனே திருப்பிவிடுவார்கள். அதற்கு ‘புகாப் பட்டை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘மீறாப் பட்டை’ என்கிறவர்கள் காரணம் சொல்லுங்கள்.