"விசாரணையில் உள்ளது" என்று திரையில் வந்த இரவுகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூன்றாம் செக்டார்:

ஃபார்முலா 1 தகுதிச்சுற்று முடிந்திருக்கும். போல் (பந்தயத்தை முதலிடத்திலிருந்து தொடங்கும் வாய்ப்பு) எடுத்தவர் காரை விட்டு இறங்கி, கையை ஆட்டி, பேட்டியும் கொடுத்திருப்பார். டிவியை அணைக்க ரிமோட்டை எடுக்கும்போது திரையின் கீழே ஒரு வரி ஓடும்: இன்ன எண் கார், இன்னொருவரை மறித்ததாகப் புகார், விசாரணையில் உள்ளது. அவ்வளவுதான், அன்றைய தூக்கம் போச்சு.

எனக்கு இந்த வியாதி 2006 மொனாகோவில் தொற்றியது. மைக்கேல் ஷூமாக்கர் தற்காலிக போலில் இருந்தார். கடைசி நேரத்தில் ரஸ்காஸ் வளைவில் அவர் கார் நின்றுவிட்டது. தடுப்பில் மோதவில்லை, சும்மா நின்றது. பின்னால் அலோன்சோ வேகச் சுற்றில் வந்துகொண்டிருந்தார். உடனே மஞ்சள் கொடி, அதாவது ஆபத்து, வேகத்தைக் குறை. அவர் சுற்று பாழ். நான் அப்போது ஷூமாக்கர் வெறியன். "எஞ்சின் நின்றால் மனுஷன் என்ன பண்ணுவான்?" என்று மூன்று நண்பர்களோடு போனில் மாறி மாறிச் சண்டை போட்டேன். ஸ்டீவர்டுகள் (பந்தய நடுவர்கள்) மணிக்கணக்கில் டெலிமெட்ரியை, அதாவது காரின் கருவிகள் பதிந்த தரவுகளை, புரட்டிவிட்டு, இரவு அவருடைய நேரங்களையெல்லாம் ரத்து செய்து கடைசிக்குத் தள்ளினார்கள். மறுநாள் 5-ஆவதாக முடித்தார், அது வேறு கதை.

சொல்ல வந்தது இது. 2014-இல் அதே மொனாகோ. நிகோ ரோஸ்பெர்க் தற்காலிக போலில் இருந்தபடி, மிராபோ வளைவில் பிரேக் தவறி, தடத்தை விட்டு விலகும் எஸ்கேப் ரோட்டுக்குள் போனார். மஞ்சள் கொடி, பின்னால் வந்த ஹாமில்டனின் சுற்று பாழ். நான் அதற்குள் ஹாமில்டன் பக்கம் வந்திருந்தேன். "வேண்டுமென்றே செய்தான், பட்டப்பகல் கொள்ளை" என்று குதித்தேன். எட்டு வருடத்துக்கு முன் நான் பேசிய வசனங்களை அதே நண்பர்கள் எனக்கே திருப்பி வாசித்தார்கள். ஸ்டீவர்டுகள் ரோஸ்பெர்க் மேல் தவறில்லை என்று விட்டுவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 2006-இல் ஷூமாக்கரைப் பகிரங்கமாகக் கடுமையாகச் சாடியவர்களில் ஒருவர் கேகே ரோஸ்பெர்க். நிகோவின் அப்பா.

உங்கள் இரவுகளைச் சொல்லுங்கள். டிவி முன்னால் என்றில்லை, தடத்தில் நின்றவர்கள், ஓட்டியவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரே நிபந்தனை: உங்களுக்குப் பிடித்த ஓட்டுநர் மாட்டியபோது என்ன பேசினீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

அவுட்லாப்:

2019 மெக்சிகோ. நான் வெர்ஸ்டப்பன் ஆள். தகுதிச்சுற்றின் இறுதிக் கட்டமான க்யூ3-இன் கடைசி நிமிடத்தில் போட்டாஸ் கடைசி வளைவில் பலமாக மோதினார். வெர்ஸ்டப்பன் அதைக் கடந்து வந்து தன் நேரத்தை இன்னும் குறைத்தார். போல்! நான் துள்ளிக் குதித்தேன். அப்போது விசாரணை எதுவும் இல்லை.

அப்புறம் பத்திரிகையாளர் சந்திப்பு. விபத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றார். வேகத்தைக் குறைத்தீர்களா என்றார்கள். குறைத்த மாதிரியா தெரிந்தது என்கிற தோரணையில் ஒரு பதில். நான் டிவியைப் பார்த்து "ஐயோ, வாயை மூடு" என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்து அறையிலிருந்து யாரோ என்ன ஆச்சு என்று கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் விசாரணை அறிவிப்பு, தொடக்க வரிசையில் 3 இடம் பின்னுக்குப் போகும் பெனால்டி, போல் லெக்லெர்க்குக்கு.

வயிறு எரிவது பெனால்டிக்காக இல்லை. அவருடைய முந்தைய சுற்றே போலுக்குப் போதுமானது! அந்தக் கடைசிச் சுற்றைக் கைவிட்டிருந்தாலும் முதலிடம்தான். பின்னாலேயே வந்த ஃபெட்டல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கிவிட்டார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று இரவு நான் என்ன வாதாடினேன் தெரியுமா? "அங்கே எச்சரிக்கை மின்பலகை எரியவே இல்லை" என்று. உண்மைதான், எரியவில்லை. ஆனால் தடத்தோரம் நிற்கும் மார்ஷல் கையில் மஞ்சள் கொடி ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை.

கொடிக்கம்பு:

மேலே எழுதியவர் மார்ஷல் என்றதும் எழுதத் தோன்றியது. நான் பல வருடங்களாகச் சின்னப் பந்தயங்களில் தன்னார்வ மார்ஷல். ஃபார்முலா 1 பக்கமெல்லாம் போனதில்லை.

கொடியை எப்படி வைத்திருப்போம் என்று நிறையப் பேருக்குத் தெரியாது. துணியைக் கம்பில் சுற்றி, நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருப்போம். சும்மா தொங்கவிட்டால் காற்றில் படபடக்கும், வருகிறவர் கொடி ஆடுகிறது என்று நினைத்துவிடுவார். காட்ட வேண்டிய நேரத்தில் விரலை எடுத்து, படுக்கப் போட்ட எட்டு மாதிரி வீச வேண்டும். விரலை எடுப்பதற்கும் துணி முழுதாக விரிவதற்கும் நடுவே ஒரு கண நேரம் இருக்கிறது. அந்தக் கணத்தில்தான் ஒருமுறை நான் மாட்டினேன்.

தகுதிச்சுற்று. என் போஸ்டுக்கு எதிரே ஒரு கார் சுழன்று சரளைக்குள் இறங்கியது. விரலை எடுத்தேன். அதே நேரம் அடுத்த கார் வளைவுக்குள் நுழைந்துவிட்டது, வேகம் குறையவே இல்லை. போய், தன் சிறந்த நேரத்தையும் போட்டுவிட்டது. சாயங்காலம் அறிக்கைத் தாளைக் கொடுத்தார்கள். கார் எண், நேரம், நடந்தது என்ன. போஸ்ட் தலைவர் சொன்னது ஒன்றுதான்: "நினைத்ததை எழுதாதே, பார்த்ததை எழுது." இரண்டே வாக்கியம். நான் கொடியை ஆட்டினேன், கார் என்னைக் கடந்தது. இதில் எது முதலில் என்று எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆனது. நான் எழுதிய வரிசைப்படி அந்தப் பையனின் சுற்று ரத்தானது. பேடாக்கில் அவன் அப்பா என்னைத் தாண்டிப் போனார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதனால் 2021 கத்தார் எனக்கு மறக்காது. காஸ்லியின் கார் டயர் பஞ்சராகி மெயின் ஸ்ட்ரெயிட்டில் நின்றது. வெர்ஸ்டப்பனுக்கு இரட்டை மஞ்சள் கொடிக்காக 5 இடம், போட்டாஸுக்கு ஒற்றைக் கொடிக்காக 3 இடம், வேகத்தைக் குறைத்த சைன்ஸுக்கு ஒன்றுமில்லை. தீர்ப்பு வந்ததே பந்தயத்தன்றுதான். வெர்ஸ்டப்பனின் அணியான ரெட் புல்லின் அப்போதைய தலைவர் ஹார்னர் கேமரா முன்னால் அந்த மார்ஷல்மேல் பழியைப் போட்டார். ஸ்டீவர்டுகள் அவரைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள், அவரும் மன்னிப்புக் கேட்டார். ஒரு மஞ்சள் என்றால் வேகத்தைக் குறை, இரண்டு மஞ்சள் என்றால் நிறுத்தவும் தயாராக இரு. இதில் வாதத்துக்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கொடிக்கு அந்தப் பக்கம், சரளைக்குள், என்னைப் போன்ற ஒருவன் கார் தள்ளிக்கொண்டிருப்பான்.

போல்வேட்டை:

வேண்டுமென்றா, தெரியாமலா என்கிற கேள்வியே வேண்டாம் என்பது என் கட்சி. அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத்தில், தெருத் தடங்களிலும் சாலைத் தடங்களிலும், தகுதிச்சுற்றில் உன்னால் சிவப்புக் கொடி வந்தால், அதாவது எல்லோரும் ஓட்டத்தை நிறுத்த வேண்டி வந்தால், உன் சிறந்த இரண்டு சுற்றுகள் போய்விடும். மனசுக்குள் என்ன இருந்தது என்று யாரும் தோண்டுவதில்லை. இப்படி ஒரு விதி மஞ்சள் கொடிக்கும் இருந்திருந்தால் ரஸ்காஸும் மிராபோவும் ஒரே கணக்கில் முடிந்திருக்கும்.

நிபந்தனைப்படி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2021 மொனாகோவில் லெக்லெர்க் தற்காலிக போலில் இருந்தபோது நீச்சல் குளம் பகுதியில் தடுப்பில் மோதி, சிவப்புக் கொடி வந்து, மற்றவர்கள் சுற்று நின்று, போல் அவருக்கே நிலைத்தது. அன்று இந்த இண்டிகார் விதி என் நினைவுக்கு வரவே இல்லை. மறுநாள் டிரைவ்ஷாஃப்ட் கோளாறில் அவரால் பந்தயத்தைத் தொடங்கவே முடியாமல் போன பிறகுதான் எனக்கு நியாய உணர்வு திரும்பியது.

ஈர டயர்:

நான் கிளப் அளவில் கார்ட் (கூரையில்லாத சின்னப் பந்தய வண்டி) ஓட்டியவன். மறித்தான், மறிக்கவில்லை என்று டிவி பார்த்துப் பேசுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தகுதிச்சுற்றில் எல்லோருக்கும் முன்னால் ஒரு கார்ட் வேண்டும், அதன் காற்று மறைவில் நேர்த்தடத்தில் கொஞ்சம் வேகம் கிடைக்கும். ஆனால் யாரும் முன்னால் போக மாட்டார்கள். அதனால் கடைசி வளைவுக்கு முன் ஆறேழு பேர் ஊர்ந்துகொண்டு, ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்போம். (2019 மொன்சாவில் பெரியவர்கள் இதையே செய்து, க்யூ3-இன் கடைசிச் சுற்றைத் தொடங்கக்கூட நேரமில்லாமல் பெரும்பாலோர் வழிந்துகொண்டு திரும்பினார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது.) கார்ட்டில் கண்ணாடி கிடையாது. ஹெல்மெட்டோடு கழுத்தைத் திருப்பினால் பாதி தோள்தான் தெரியும்.

நான் ஊர்ந்துகொண்டிருந்த நேரத்தில் ஒருவன் முழு வேகத்தில் வந்திருக்கிறான். சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் என் வலப்பக்கம் புல்லில் இறங்கிப் போய்விட்டான். பத்து நிமிடத்தில் ஸ்டீவர்டு அறை. மேசையில் என் சுற்று நேரங்கள் அச்சிட்ட ஒரு தாள், அதில் ஒரு வரிக்குக் கீழே பேனாவால் கோடு. நான் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. நிறைய விளக்கம் தயாராக வைத்திருந்தேன், முன்னால் கூட்டம், டயர் சூடேறவில்லை, அது இது. அவர் கேட்டது ஒரே கேள்வி: "கையைத் தூக்கினாயா?" மெதுவாகப் போகிறவர் கையைத் தூக்க வேண்டும், முதல் நாளே சொல்லித்தருவது. தூக்கவில்லை. "அவன் வருவதை நான் பார்க்கவே இல்லை சார்" என்றேன். "அதற்குத்தான் பெனால்டி" என்றார்.

3 இடம். கோபம் வரவில்லை, காது சூடாகிவிட்டது.

2025 மொனாகோவில் ஹாமில்டன், வெர்ஸ்டப்பனை மறித்ததற்கு 3 இடம் இழந்து 4-இலிருந்து 7-க்குப் போனபோது நினைத்துக்கொண்டேன். அவருக்கு ரேடியோவில் காதோடு சொல்ல அணி ஆள் இருந்தது. வெர்ஸ்டப்பன் மெதுவாக வருகிறார் என்று அணியே தப்பாகச் சொல்லியிருந்தது. இருந்தாலும் தண்டனை ஓட்டுநருக்குத்தான். எனக்குத் தப்பாகச் சொல்லக்கூட ஆள் இல்லை.

கருப்பு ஹெல்மெட்:

எல்லோரும் ஓட்டியதைப் பற்றியே பேசுகிறீர்கள். என் இரவு ஒரு அளவுகோலைப் பற்றியது. 2021 பிரேசில், வெள்ளிக்கிழமை தகுதிச்சுற்று. ஹாமில்டன்தான் வேகம். நேர்த்தடத்தில் வேகத்துக்காகப் பின் இறக்கையின் மடலைத் திறக்கும் டிஆர்எஸ் அப்போது இருந்தது; திறந்திருக்கும்போது அதன் இடைவெளி 85 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது அன்றைய விதி. 0.2 கூடப் போயிருக்கிறது. நகத்தின் தடிமன்கூட இல்லை! போதாக்குறைக்கு வெர்ஸ்டப்பன் அந்த இறக்கையைக் கையால் தொட்டுப் பார்த்ததை ஒரு ரசிகர் பார்வையாளர் பகுதியிலிருந்து படம் பிடித்திருந்தார். அவர் தொட்டதால்தான் வளைந்தது என்று நான் சத்தியம் செய்யாத குறையாக எழுதிக்கொண்டிருந்தேன். ஸ்டீவர்டுகள் அதையும் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். தொட்டதற்கு வெர்ஸ்டப்பனுக்கு 50,000 யூரோ அபராதம். அளவு மீறியதற்கு ஹாமில்டன் தகுதிநீக்கம், கடைசி இடம்.

தீர்ப்பு மறுநாள்தான் வந்தது. இரவெல்லாம் தீர்ப்பு ஆவணங்கள் வரும் இணையப் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தேன். விடியும்போது போனில் 4 சதவீதம் சார்ஜ். அப்புறம் ஹாமில்டன் சனிக்கிழமைக் குறும்பந்தயமான ஸ்பிரின்ட்டில் 20-இலிருந்து 5-க்கு வந்ததும், எஞ்சின் மாற்றிய பெனால்டியோடு 10-இலிருந்து தொடங்கி ஞாயிறு வென்றதும் எல்லோருக்கும் தெரியும். பெனால்டியே இல்லையென்றால் அந்த வாரயிறுதியை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

அவுட்லாப்:

@கருப்பு ஹெல்மெட், எங்கள் ஆள் வெர்ஸ்டப்பனுக்கு 2024 கத்தாரில் ரஸ்ஸலுக்கு முன்னால் தேவையில்லாமல் மெதுவாகப் போனதாக ஒரே ஒரு இடம் பெனால்டி கொடுத்தார்களே, போல் ரஸ்ஸலுக்குப் போனதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? இரண்டு பேருமே வேகச் சுற்றில் இல்லை!

கருப்பு ஹெல்மெட்:

கச்சிதமான தீர்ப்பு என்று சொன்னேன். வேறு என்ன சொல்லியிருப்பேன்?

மூன்றாம் செக்டார்:

@ஈர டயர், ஒன்று கேட்க மறந்துவிட்டேன். புல்லில் இறங்கிப் போனவர் அப்புறம் உங்களோடு பேசினாரா?

ஈர டயர்:

அடுத்த பந்தயத்தில் அதே வளைவில் அவன் என்னை மறித்தான். கையையும் தூக்கவில்லை. நான் பிட்டுக்கு வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேராக ஸ்டீவர்டு அறைக்குப் போனேன்.