நோகோடசோல் போட்டும் எச்3 செரின் 10 பேண்ட் ஏறவே இல்லை, உதவுங்கள்

ஓசூர்க்காரி:
வணக்கம். ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் பெங்களூர் போய் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்கிறேன். ஹீலா செல்கள் (லேபில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்) பிரியும்போது, டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் எச்3 புரதத்தின் 10-ஆம் இடத்துச் செரின் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறுவதை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தை ஆன்டிபாடியால் பேண்டாகக் காட்டும் சோதனை) காட்ட வேண்டும். மாலை 5 மணிக்கு பிரியும் செல்லை நிறுத்திவைக்கும் நோகோடசோல் மருந்தை மில்லிக்கு 100 நானோகிராம் போட்டுவிட்டுக் கிளம்புவேன். காலை 9 மணிக்கு செல் வளரும் மீடியத்தைக் கொட்டி, பிபிஎஸ் உப்புக் கரைசலில் இரண்டு முறை கழுவி, ஒட்டிய செல்லைப் பிரிக்கும் டிரிப்சின் போட்டு செல்லை எடுப்பேன். மொத்த எச்3 பேண்ட், 17 கிலோடால்டன் பக்கம், பளிச்சென்று வருகிறது. பாஸ்போ பேண்ட் மட்டும் மருந்து போடாத செல்லில் இருக்கும் அளவுதான். ஆன்டிபாடி புதுசு. மூன்று முறை ஆயிற்று, அழுகையாக வருகிறது.

காவேரிப்பட்டினம்:
பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்படேஸ் என்சைமுக்குத் தடுப்பான் சேர்த்தீர்களா? சோடியம் ஃபுளூரைடாவது? பாலில் பிளாக் செய்யாதீர்கள் (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் மறைப்பது), பாலின் கேசீனே பாஸ்பேட் உள்ள புரதம். பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின்) போடுங்கள்.

ஓசூர்க்காரி:
இரண்டும் செய்தாயிற்று அண்ணா.

அரூர் அக்கா:
கொட்டிய மீடியத்தோடுதான் உங்கள் பேண்டும் போயிருக்கிறது. பிரியும் கட்டத்தில் ஹீலா செல் உருண்டையாகி, ஃபிளாஸ்க்கில் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும். நோகோடசோல், குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழல்களைக் குலைத்து அதை அங்கேயே நிறுத்திவைக்கிறது. லேசாக அசைந்தாலே மிதந்துவிடும். நம் பக்கம் புளி உலுக்குவதைப் பார்த்திருப்பீர்களே! உதிர்ந்ததைப் பெருக்கித் தள்ளிவிட்டுக் கிளையில் பழம் தேடியிருக்கிறீர்கள். ஒட்டிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் பிரியாத செல்கள். அவற்றில், செரின் 10-இல் பாஸ்பேட் ஏற்றும் அரோரா பி கைனேஸ் என்சைமின் வேலை இன்னும் சூடுபிடித்திருக்காது. டெராசிமாவும் டோல்மாக்கும் 1963-இல் ஹீலா செல்களை இப்படி உலுக்கித்தான் பிரித்தெடுத்தார்கள். ஃபிளாஸ்க்கைப் பக்கவாட்டில் தட்டி, மீடியம், கழுவிய பிபிஎஸ் எல்லாவற்றையும் ஒரே டியூபில் ஊற்றி சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுங்கள். அது சரி, கொட்டுவதற்கு முன் மைக்ரோஸ்கோப்பில் எட்டிப் பார்ப்பதில்லையா?

ஓசூர்க்காரி (நான்கு நாள் கழித்து):
பார்ப்பதில்லை அக்கா. அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டி, ஓட்டமாக வந்து கொட்டுவதுதான் வழக்கம். இப்போது மிதந்த செல்லில் பேண்ட் கன்னங்கரேலென்று வருகிறது! ஆனால் அதே சாம்பிளில் எச்3-இன் 9-ஆம் இடத்து லைசினில் இருக்கும் மூன்று மெத்திலைக் காட்டும் பேண்ட் மங்கிவிட்டது. பிரியும்போது மெத்தில் கழன்றுவிடுமா?

அரூர் அக்கா:
அப்படி எழுதிவிடாதீர்கள், கைடு பிடித்துக்கொள்வார். 9-க்குப் பக்கத்து வீடுதானே 10? அங்கே பாஸ்பேட் ஏறினால், 9-இன் மெத்திலைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் பலவற்றுக்கு இடம் மறைந்துவிடும். 2005-இல் வந்த ஆய்வுகளிலும் இதே பக்கத்து வீட்டுக் கதைதான்: மெத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது, செரின் 10-இல் ஏறிய பாஸ்பேட் அந்த மெத்திலில் ஒட்டும் எச்பி1 புரதத்தைக் குரோமாட்டினிலிருந்து (டிஎன்ஏ-ஹிஸ்டோன் கட்டு) விலக்குகிறது. சாம்பிளைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் தடுப்பான் இல்லாமல் லாம்ப்டா பாஸ்படேஸ் போட்டு ஓட்டுங்கள். அந்தப் பாதியில் மெத்தில் பேண்ட் திரும்பினால், மங்கியது ஆன்டிபாடியின் பார்வைதான்.

ஓசூர்க்காரி:
எங்கள் லேபில் அந்த என்சைம் இல்லை, பக்கத்து லேபில் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை ஓட்டிவிட்டுப் படம் போடுகிறேன் அக்கா.