சென்னை – டொராண்டோ: 12 மணி நேரம்தானா?

கேள்வி: ஜனவரியில் படிக்கப் போகிறேன். காலை 4 மணிக்குச் சென்னையில் ஏறினால் அன்றைக்கே மாலை 4 மணிக்கு டொராண்டோ என்று டிக்கெட்டில் இருக்கிறது. 12 மணி நேரத்தில் போய்விடுமா?

பதில்: போகாது, இருபத்திரண்டரை மணி நேரம் ஆகும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை டொராண்டோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் ஒன்பதரை. போகும்போது இதைக் கூட்டுங்கள், ஊருக்குத் திரும்பும்போது கழியுங்கள்.

உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்தால் தூரம் சுமார் 13,400 கி.மீ. நேரடி விமானம் கிடையாது. லண்டன் வழி 8,230 + 5,710, துபாய் வழி 2,930 + 11,080. இரண்டுமே 14,000-ஐ ஒட்டித்தான் வருகிறது. ஆக, 'எந்த வழி கிட்டே' என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நேரத்தைத் தின்பது நடுவில் காத்திருப்பதுதான். கால்வலிக்காரர்களுக்கு லண்டன் மாதிரி நடுவில் பிரியும் வழி நல்லது. துபாய் வழியில் இரண்டாவது விமானத்தில் மட்டும் ஒரே மூச்சில் 14 மணி நேரம் போல உட்கார வேண்டும். திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் அதே தூரம் ஒரு மணி நேரம் போலக் குறையும்.

கவனிக்க வேண்டியது இணைப்பு நேரம். ஒன்றரை மணி நேர இடைவெளியில் டிக்கெட் விற்பார்கள்தான். ஆனால் லண்டன் ஹீத்ரோவில் டெர்மினல் மாற வேண்டியிருந்தால் பஸ், மறுபடி பாதுகாப்புச் சோதனை எல்லாம் உண்டு. இரண்டரை மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியில் எடுக்காதீர்கள். கைப்பையில் ஊறுகாய் பாட்டில் வேண்டாம். சோதனையில் அது திரவக் கணக்கு. 100 மில்லி வரம்பு உள்ள நிலையத்தில் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்.

விலை குறைகிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட் போடுவதுதான் பெரிய பொறி. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பே இல்லை. பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தால், அதற்காக அந்த நாட்டுக்குள் நுழைய விசா கேட்பார்கள். அமெரிக்கா வழி என்றால் ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் விசா வேண்டும். அங்கே குடிநுழைவைத் (இமிக்ரேஷன்) தாண்டாமல் விமானம் மாற முடியாது.

கேள்வி: டொராண்டோவிலிருந்து கால்கரிக்கு உள்நாட்டு விமானம். இரண்டு மணி நேரம் போதுமா?

பதில்: மாணவருக்குப் போதாது, நான்கு வையுங்கள். கனடாவில் முதலில் இறங்கும் நிலையத்தில்தான் குடிநுழைவு. ஸ்டடி பெர்மிட்டும் (படிப்பதற்கான அனுமதிச் சீட்டு) அங்கேதான் அச்சடித்துக் கொடுப்பார்கள், அதற்குத் தனி வரிசை. பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி ஒப்படைக்க வேண்டியும் வரலாம். பெர்மிட் ஒப்புதல் கடிதம், கல்லூரிச் சேர்க்கைக் கடிதம், பணக் கையிருப்புச் சான்று மூன்றையும் காகிதமாகக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டிக்குள் போட்டால் அந்த வரிசையில் நிற்கும்போது அது உங்கள் கையில் இருக்காது.

இன்னொருவர்: இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் கவனத்துக்கு. ஃப்ராங்க்ஃபர்ட், பாரிஸ் வழி போனால் விமான நிலைய இடைமாற்ற விசா (டிரான்சிட் விசா) தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கிறது. செல்லுபடியாகும் கனடா விசா கடவுச்சீட்டில் ஒட்டியிருந்தால் விலக்கு உண்டு. வெறும் பெர்மிட் கடிதத்தை விசா என்று நம்பிப் போய்விடாதீர்கள்.