குருதிக்கு ‘ஆக்சிஜனேற்றம்’ வேண்டாம், ‘ஆக்சிஜன் பற்றுகை’ போதும்

வணக்கம் ஐயா,

நுரையீரலில் குருதி ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழ்நாட்டு வேதியியல் பாடத்தில் ஆக்சிஜனேற்றம் என்றால் எலக்ட்ரானை இழப்பது, இரும்பு துருப்பிடிக்கிறதே அந்த வகை. குருதியில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் நடப்பது வேறு. ஒரு மூலக்கூறில் ஹீம் என்ற வளைய அமைப்புகள் நான்கு, ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் இரும்பு அயனி, அது நுரையீரலில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும், திசுவுக்குப் போனதும் விட்டுவிடும், விட்ட பிறகும் எலக்ட்ரானை இழக்காமல் பழைய ஃபெரஸ் (Fe²⁺) இரும்பாகவே இருக்கும். அந்த இரும்பு நிஜமாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து, அதாவது இன்னோர் எலக்ட்ரானை இழந்து, ஃபெரிக் (Fe³⁺) ஆகிவிட்டால் அது மெத்ஹீமோகுளோபின், அதனால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது, அது கூடிப்போனால் உதடு நீலம் பாய்ந்துவிடும். ஒரே சொல்லை வைத்து இரண்டையும் படிக்கிற பிள்ளை எதை நம்பும்? இலங்கையில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே வேதியியலுக்கு ஒட்சியேற்றம், குருதிக்கு ஒட்சிசனேற்றம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அதனால் என் பரிந்துரை: நுரையீரலில் நடப்பது ஆக்சிஜன் பற்றுகை, திசுவில் நடப்பது ஆக்சிஜன் விடுகை.

அப்புறம் ‘ஆக்சிஜனற்ற குருதி’. இதை நாம் எப்படியாவது கைவிட வேண்டும். ஓய்வாக இருக்கும் ஒருவரின் தமனிக் குருதியில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கும், உடம்பெல்லாம் சுற்றி வலது மேலறைக்குத் திரும்பும்போதும் 15 மீதி இருக்கும். முக்கால் பங்கு! நிமிடத்துக்கு 5 லிட்டர் குருதியை இதயம் தள்ளுகிறது, அதில் போகும் 1000 மில்லிலிட்டரில் உடல் எடுத்துக்கொள்வது 250 அளவுதான், ஓடும்போது தசைகள் கூடுதலாக எடுத்துக்கொள்வது இந்த மீதியிலிருந்தும்தான். இதயத் தசை மட்டும் ஓய்விலேயே பாதிக்கு மேல் எடுத்துவிடுகிறது, அதற்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமென்றால் குருதி ஓட்டமே கூட வேண்டும், அதனால்தான் இதயத் தசைக்குக் குருதி கொண்டுபோகும் இதயத் தமனி சுருங்கினால் மாடி ஏறும்போது நெஞ்சு வலிக்கிறது. இவ்வளவு விஷயத்தையும் ‘அற்ற’ என்ற சொல் மறைத்துவிடுகிறது. ஆக்சிஜன் மிகு குருதி, ஆக்சிஜன் குறை குருதி என்பதே சரி.

சுத்த ரத்தம், அசுத்த ரத்தம் என்ற பழைய வழக்கையே வைத்துக்கொள்ளலாம் என்று இங்கே ஒருவர் சொல்லியிருந்தார். சிரையில் ஓடுவது அழுக்கு இல்லையே. தமனி என்றால் சுத்தம், சிரை என்றால் அசுத்தம் என்று மனப்பாடம் செய்தவருக்கு ஆக்சிஜன் குறை குருதியை நுரையீரலுக்குக் கொண்டுபோகும் நுரையீரல் தமனியும் குழப்பம், கருவுக்கு ஆக்சிஜன் மிகு குருதியைக் கொண்டுவரும் தொப்புள்கொடிச் சிரையும் குழப்பம்.

‘பற்று’ என்றால் கணக்கு வழக்கு நினைவுக்கு வரும் என்பீர்கள். வரட்டும், ‘தீப்பற்றியது’ என்றால் யாரும் வங்கியை நினைப்பதில்லை. இன்னொரு வசதியும் இருக்கிறது: கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிடிக்கும் என்பதைச் சொல்ல ‘பற்றுதிறன்’ என்று அதே வேரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள், ஆக்சிஜனேற்றத்தைத் தவிர எதுவானாலும் பேசலாம்.